ஊசி உடைந்ததைச் சொல்லுங்கள்

மெக்கானிக் தைத்தால் நூல் அறுவதில்லை. பட்டாசு தைத்தால் அறுந்தது. காலையிலிருந்து இதே கதைதான்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இரண்டாம் தளத்தில், ஜன்னலோரத்துத் தையல் இயந்திரம் அது. குழந்தைகளின் கால்சட்டைக்குப் பை வைத்துத் தைக்கும் வேலை. அங்கே உட்காரும் பெண்ணுக்கு வாய் ஓயாது என்பதால் பட்டாசு என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுடைய நிஜப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தத் தளத்தின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவளை எல்லோரும் மெக்கானிக் அக்கா என்பார்கள். நாற்பதைத் தாண்டியவள். அவளுடைய மேலங்கிப் பையில் ஒரு திருப்புளி, ஒரு சின்ன டார்ச், ஓர் அட்டை வயிற்றெரிச்சல் மாத்திரை, மூன்றும் எப்போதும் இருக்கும்.

ஒரு தையல் விழுவது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே நடப்பதுதான் அழகு. ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்கி, சற்றே மேலே திரும்பும். அந்தத் திரும்பலில் நூல் தளர்ந்து ஒரு சின்னக் கண்ணியாகப் பிதுங்கும். சரியாக அதே நேரம் அடியில் சுழன்று வரும் கொக்கி அந்தக் கண்ணியைக் கவ்வி, கீழ்நூலைச் சுற்றி எடுத்துப் போய் முடிச்சிடும். கண் இமைப்பதற்குள் இது பல முறை நடந்துவிடும். இதில் எந்த இடத்தில் மயிரிழை பிசகினாலும் நூல் அறும். அந்த ஒவ்வோர் இடத்தையும் மெக்கானிக் பார்த்துவிட்டாள். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினாள். கொக்கியின் நேரத்தைச் சரிபார்த்தாள். ஊசியை மாற்றினாள். நூல்கண்டையே மாற்றினாள். கழிவுத் துணியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினாள். வெண்ணெயாக ஓடியது. எழுந்து இடம் விட்டாள். பட்டாசு உட்கார்ந்து ஒரு பையைத் தைத்தாள். பாதியில் டிக் என்று அறுந்தது.

"எனக்கு ஓடுது, உனக்கு அறுக்குது. மிஷின்ல ஒண்ணும் இல்ல. உன் கையிலதான் என்னமோ இருக்கு" என்றாள் மெக்கானிக்.

"அப்ப என் கையைக் கழட்டிட்டு வேற மாட்டிவிடுங்க அக்கா. ஸ்டோர்ல இருக்கானு கேளுங்க."

பக்கத்து இயந்திரங்களில் சிரிப்பு ஓடியது. மெக்கானிக் சிரிக்கவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"ஊசி எதுவும் உடைஞ்சுதா?"

"இல்லக்கா."

"உண்மையைச் சொல்லு."

"அதான் இல்லன்றேனே."

ஊசி உடைவது அந்தத் தளத்தில் சின்ன விஷயமில்லை. குழந்தைகள் உடுத்தும் துணி. உடைந்த துண்டு தையலுக்குள் சிக்கிக்கொண்டால் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் தொடையில் ஏறும். அதனால் ஊசி உடைந்தால் வேலையை நிறுத்தி, எல்லாத் துண்டையும் தேடியெடுத்து ஒப்படைத்த பிறகுதான் புது ஊசி. விதி நல்ல விதி. அதை நடத்திய விதம்தான் மோசம். சூப்பர்வைசர் ஒலிபெருக்கியை எடுத்து, எந்த வரிசை, யார் என்று தளம் முழுக்கக் கேட்கக் கத்துவார். ஆண்களும் பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில்கூட அந்தப் பேச்சு தொடரும்.

மெக்கானிக் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டாள். அன்று மாலை அவளுக்கு மருத்துவமனை போக வேண்டியிருந்தது. போன வாரம் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்து, உள்சுவரிலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்திருந்தார்கள். அதன் முடிவு வந்திருந்தது.

டாக்டர் அம்மாள் குள்ளமானவர், கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். அறிக்கையைப் படித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, அவரைக்காய் போல வயிற்றை வரைந்தார்.

"வயித்துல ஊறுற அமிலம் ஆணியைக்கூட அரிச்சுடும். ஆனா வயித்தை அரிக்கிறதில்ல. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?"

மெக்கானிக் நிமிர்ந்தாள். எப்படி வேலை செய்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்கு எரிச்சல்கூட மறந்துவிடும்.

"உள்சுவர் மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிற செல்லுங்க சில நாளைக்கு ஒருதரம் உதிர்ந்து புதுசா வருது. பழசு போயிட்டே இருக்கும், புதுசு வந்துட்டே இருக்கும். அதான் தப்பிக்குது. இப்ப அந்தப் பூச்சுக்கு அடியிலயே ஒரு கிருமி குடியிருந்தா? அமிலத்துலயும் சாகாத கிருமி ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு வந்துடும். நிறையப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா வருஷக்கணக்கா சுவரைப் புண்ணாக்கிட்டே இருக்கும். சுவர் மெலியும், அமிலம் சுரக்கிற இடமெல்லாம் அழியும். அடிபட்டு அடிபட்டு, கடைசியில வயிறு தன் வேலையை மறந்துட்டு குடல்ல இருக்கிற மாதிரி செல்லை வளர்க்க ஆரம்பிச்சுடும். உங்க வயித்துல ஒரு இடத்துல அந்த மாற்றம் வந்திருக்கு. கிருமியும் இருக்கு."

"கேன்சரா டாக்டர்?"

"இல்ல. கேன்சர் வர்றதுக்கு முன்னாடி இன்னும் ஒரு படி இருக்கு. நிறையப் பேர் நீங்க நிக்கிற படியிலயே நின்னுடுவாங்க. சில பேர் மெதுவா அடுத்த படிக்கு நகருவாங்க. அது யாருன்னு கணிக்கத்தான் இந்தக் கேள்வியெல்லாம். புகை உண்டா?"

"இல்ல."

"உப்பு?"

"எங்க வீட்டுல உப்பு கூடத்தான். உப்பு மீன் இல்லாம அண்ணனுக்குச் சோறு இறங்காது. அப்படியே பழகிட்டோம்."

"உப்பும் அந்தப் பூச்சைக் கெடுக்கும், குறைங்க. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது வயித்துல கேன்சர்?"

"இல்ல டாக்டர். அம்மா அல்சர்ல போனாங்க. நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன்."

டாக்டர் எழுதப் போனார். பிறகு எழுதாமல் பேனாவை வைத்தார்.

"எப்படிப் போனாங்க, கொஞ்சம் சொல்லுங்க."

மெக்கானிக்குக்கு ஞாபகம் இருந்தவரை சொன்னாள். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பாள் அம்மா. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, பள்ளியில் முழுப் பரீட்சை வருவதற்குள் அம்மா இறந்துபோனாள்.

"அல்சர்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா யாரு?"

யோசித்தால் எல்லாரும் என்பதற்குள் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். "அண்ணன்."

"அல்சரும் ஆளைக் கொல்லும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க சொல்றது எனக்கு அல்சர் மாதிரி கேட்கல. அண்ணன்கிட்ட கேட்டுட்டு வாங்க. இது விசாரணை இல்லம்மா. குடும்பத்துல யாருக்கும் இல்லன்னா, இந்தக் கிருமியை மருந்து கொடுத்து ஒழிச்சிட்டு உங்களை விட்டுடுவேன். இருந்ததுன்னா, மூணு வருஷத்துக்கு ஒருதரம் உங்களைக் கூப்பிட்டு உள்ள எட்டிப் பார்த்துட்டே இருப்பேன். உங்க பதிலை வச்சுத்தான் நான் உங்களைக் காவல் காக்கணுமா வேண்டாமான்னே முடிவு பண்றேன். இந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கிடைக்கிற பொய் வேற எதுக்கும் கிடைக்கிறதில்ல."

மறுநாள் காலை அதே இயந்திரம், அதே நூல், அதே டிக். சூப்பர்வைசர் ஒரு முறை வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். மெக்கானிக் பட்டாசின் பின்னால் நின்று, இந்த முறை இயந்திரத்தைப் பார்க்காமல் பட்டாசைப் பார்த்தாள். பை என்பது நேர்கோடு இல்லை. அடியில் வளைவு வரும். அங்கே பட்டாசு ஊசியைத் துணியில் நிறுத்தி, துணியை இடது பக்கம் திருப்புவாள். திருப்பி மிதித்ததும் அறுந்தது.

மெக்கானிக்குக்குப் புரிந்தது. நேற்றெல்லாம் அவள் நேராகத்தான் தைத்துப் பார்த்தாள். வளைத்துத் தைத்துப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து, துணியை இடது பக்கம் திருப்பித் தைத்தாள். அவளுக்கும் அறுந்தது.

ஊசி இறங்கும் துளை உள்ள தகட்டைக் கழற்றினாள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நகத்தைத் துளையின் விளிம்பில் ஓட்டினாள். இடது ஓரத்தில் நகம் சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. நேராகப் போகும் நூல் அதைத் தொடாது, இடது பக்கம் இழுபடும் நூல் அதில் உரசி அறும். தகட்டில் பிசிறு தானாக முளைக்காது. ஊசி அதில் மோதி உடைந்தால்தான் வரும்.

"எப்ப உடைஞ்சுது?"

பட்டாசு வெடிக்கவில்லை. முதல்முறையாக வாயே திறக்கவில்லை.

"எப்படி உடைச்ச ஊசியை மறைச்ச? துண்டு எங்க? குழந்தைங்க துணிடி அது. ஒரு பிள்ளைக்கு ஏறியிருந்தா?"

"ரெண்டு துண்டும் என்கிட்டதான் இருக்கு." கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் காகித மடிப்பை எடுத்து விரித்தாள். உள்ளே ஊசியின் மேல் பாதி, கீழ்ப் பாதி. "நானும் பிள்ளை பெத்தவதான். கிடைக்கிற வரைக்கும் தரையில படுத்துத் தேடினேன். புது ஊசிக்கு ஸ்டோர்ல போய் மழுங்கிடுச்சுன்னு பொய் சொன்னேன்."

"அப்ப நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நேத்து முழுக்க என்னைப் பைத்தியமா அடிச்சிட்டியே."

"எப்படிக் கேட்டீங்க நீங்க? கேட்கும்போதே அறையப் போற மாதிரி கேட்டீங்க. சொன்னா அவர் மைக்கைத் தூக்குவாரு. இந்த வரிசைப் பொண்ணு மறுபடியும் உடைச்சுட்டான்னு கத்துவாரு. யாருக்கா உண்மையைச் சொல்லுவா? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

மெக்கானிக் மெல்லிய உப்புத்தாளை நூல்போலச் சுருட்டி, துளைக்குள் விட்டு, விளிம்பைத் தேய்த்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போனது. தகட்டை மாட்டி, வளைத்துத் தைத்தாள். நூல் அறுபடவில்லை. தேநீர் ஆறும் நேரத்தில் முடிகிற வேலை. மறைத்ததால் ஒன்றரை நாள் போனது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் பஞ்சர் கடை வைத்திருந்தான். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவோரம் பழைய டயர்கள், உள்ளே ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர். மாலையில் தங்கை போனபோது, காற்றடித்த டியூபை அந்தத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். காதில் பாதி பிடித்து அணைத்த பீடி. சட்டை அவனுக்கு ஓர் அளவு பெரியதாகத் தெரிந்தது. அது போன வருஷம் இறுக்கமாக இருந்த சட்டை.

"அம்மா எதுல செத்தாங்க?" என்றாள், உட்காராமலே.

அண்ணன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்ததும் வராததுமா என்ன கேள்வி இது? அல்சர்ல."

"பொய்."

"உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? நீ சின்னப் பொண்ணு அப்ப."

"சின்னப் பொண்ணுன்னுதான் ஏமாத்தின. இப்ப எனக்கே வயித்துல கோளாறு. டாக்டர் உட்கார வச்சுக் கேட்கிறாங்க, நான் கிளிப்பிள்ளை மாதிரி அல்சர் அல்சர்னு சொல்லிட்டு வர்றேன்."

"மெதுவாப் பேசு. உள்ள உன் அண்ணி இருக்கா."

அந்த 'மெதுவாப் பேசு'வில், காலையில் பட்டாசிடம் பார்த்த அதே பயம் இருந்தது. அறையப் போவதுபோலக் கேட்டால் யார் சொல்வார்கள் என்று பட்டாசு கேட்டது நினைவுக்கு வந்தது. அவள் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணா. சரி. திட்ட மாட்டேன். சத்தம் போட மாட்டேன். என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு."

அவன் டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து, தண்ணீரை உதறி, மடியில் வைத்துக்கொண்டான். அதில் ஓட்டை எங்கே என்று குறிக்க மறந்துவிட்டான்.

"வயித்துல கேன்சர்" என்றான். "கிழிச்சுப் பார்த்துட்டு, எல்லா இடமும் பரவிடுச்சுன்னு மூடித் தைச்சிட்டாங்க. அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, வெளியில சொல்லாதேன்னாரு. பொண்ணு இருக்கா, நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்கணும், கேன்சர் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் வருவான்னாரு. எனக்கு அப்ப மீசையே சரியா முளைக்கல. சரின்னேன். உன் மாமியார் வந்து கேட்டப்பவும் அல்சர்னேன். உன் வீட்டுக்காரர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது அல்சர் மாதிரி ஆயிடுச்சு."

மெக்கானிக் டயரிலிருந்து எழுந்தாள்.

"திட்ட மாட்டேன்னு சொன்னேன்" என்றாள் பிறகு. "முடியல. திட்டிக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி என் பையன் இப்ப கல்லூரி போறான். இன்னும் எதுக்கு மறைச்ச? யாருக்காக மறைச்ச? அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரலாம், உனக்கும் வரலாம்னு ஒரு நாள்கூட உனக்குத் தோணலையா? போற வர்றவன் டியூபையெல்லாம் தண்ணில முக்கி ஓட்டை எங்கன்னு பார்க்கிற. உன் வயித்தை என்னைக்காவது பார்த்தியா? சட்டை தொளதொளன்னு தொங்குதே, அது என்ன, துணி விரிஞ்சுபோச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா?" என்றது உள் வாசலிலிருந்து ஒரு குரல்.

அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முந்தானையில் எதையோ ஏந்தி வந்தாள். கடையின் நடுவில் தரையில் கொட்டினாள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தின் காலிப் புட்டிகள். உருண்டு, டயர்களின் மேல் மோதி நின்றன.

"செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பின்னாடி இருந்து எடுத்தேன். ஏதோ சாராயப் புட்டியை ஒளிச்சு வைக்கிறாருன்னு நினைச்சு ஒரு வாரமா அழுதேன். முகர்ந்து பார்த்தா மருந்து. மருந்தை எதுக்கு ஒளிக்கணும்னு புரியாம, கேட்கவும் பயந்து, முழுங்கிக்கிட்டு இருந்தேன். இப்பல்ல புரியுது." அவள் கணவனைப் பார்த்துப் பேசினாள், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்தாள். "தட்டுல பாதியை வச்சுட்டு எழுந்திரிச்சுப் போறீங்களே, சமையல் பிடிக்கலையோன்னு நான் தினம் ஒரு கறியா மாத்திட்டிருக்கேன். ரெண்டு வாய்ல வயிறு நிறையுதா? சொல்லுங்க. நிறையுதா?"

அவன் தலையை ஆட்டினான். ஆம் என்றுதான்.

"அப்ப தெரியும். உங்க அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே புட்டி புட்டியா இதைக் குடிச்சு அமுக்கிட்டிருந்தீங்க. பீடியையும் விடல, உப்பு மீனையும் விடல. உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேனே, என்கிட்டயும் அல்சர்தானா?"

"சத்தம் போடாத" என்றான் அண்ணன், கெஞ்சுகிற குரலில். "பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. அது முடியட்டும். முடிஞ்சதும் நானே போய்ப் பார்த்துக்கிறேன். இப்ப போய் ஆஸ்பத்திரி, குழாய்னு ஆரம்பிச்சா ஊர் பூரா தெரியும். அவங்க காதுக்குப் போகும். என் பொண்ணு வாழ்க்கை..."

"என் வாழ்க்கைக்கு என்னப்பா?"

மகள் வேலையிலிருந்து வந்திருந்தாள். தெருவிலேயே நின்று, தோள்பையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வந்து அப்பாவின் எதிரில் நின்றாள். "பாட்டி எதுல செத்தாங்கன்னு மறைச்சு அத்தைக்குக் கல்யாணம் பண்ணீங்க. இப்ப எனக்குக் கல்யாணம் ஆகணும்னா அதுக்கு நீங்க சாகணுமா? அப்புறம் என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆக, நான் அல்சர்ல செத்தேன்னு சொல்லுவீங்களா?"

அண்ணன் மடியிலிருந்த டியூபை இறுக்கிப் பிடித்தான். குறிக்காமல் விட்ட ஓட்டை வழியாக அது மெல்லக் காற்றை இழந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கையில் ரப்பர் மட்டும் மிஞ்சியது.

"நாளைக்குக் காலையில கடை லீவு" என்றான்.

அன்றிரவு மெக்கானிக் தன் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். லாரி ஓட்டுபவன், எங்கேயோ நெடுஞ்சாலையோரத்திலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டான். "இருபது வருஷம் ஓட்டின வண்டி. இப்ப வந்து பதிவு சரியில்லன்னா திருப்பிக் கொடுக்கவா முடியும்?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உன்னை இந்த மாத்திரையைக் கண்டபடி முழுங்க விட்டிருக்க மாட்டேன்" என்றான். அவளுக்கு அந்த இரண்டாவது பேச்சுதான் சுருக்கென்று தைத்தது. மறைத்தவர்கள் எந்த மனிதனுக்குப் பயந்தார்களோ, அந்த மனிதனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யாரும் அவனிடம் கேட்டுப் பார்க்கவே இல்லை.

எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களிடம் அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். பிறகு பேசவே இல்லை. அண்ணி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு நோயோட பேரைக் கேட்டு ஓடினவங்க, நாளைக்கு ஒரு நோய் நிஜமா வந்தா என் பொண்ணைக் கட்டில்ல போட்டுட்டு ஓடியிருப்பாங்க" என்றாள். ஆத்திரம் தீராமல்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, கடைக்கு லீவு விட்ட அன்று அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே, குடும்பத்தில் யாருக்காவது என்ற கேள்விக்குத் தங்கைதான் பதில் சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடை குறைந்திருந்ததாலும், கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்ததாலும், டாக்டர் காத்திருக்காமல் உடனே குழாய் விட்டுப் பார்த்தார்.

கேன்சர் இல்லை. ஆனால் தங்கைக்கு ஒரே இடத்தில் இருந்த மாற்றம் அவனுக்கு வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கிருமியும் இருந்தது. டாக்டர் அவனையும் உட்காரவைத்து அவரைக்காய் வரைந்தார்.

"ஒரு காரணம் போதாதுன்னு நீங்க ஒவ்வொண்ணாச் சேர்த்திருக்கீங்க. கிருமி ஒண்ணு. அது கூடவே வருஷக்கணக்கா பீடி. அது மேல உப்பு. அதுக்கெல்லாம் மேல, பெத்த தாய்க்கு இருந்தது. தாய்க்கு இருந்ததை உங்களால மாத்த முடியாது. ஆனா அதைத் தெரிஞ்சுக்கிட்டா மத்த மூணையும் மாத்தலாம். நீங்க என்ன பண்ணீங்கன்னா, மாத்த முடியாததை மறைச்சிட்டு, மாத்தக்கூடியதை எல்லாம் அப்படியே விட்டுட்டீங்க."

"அந்த வெள்ளை மருந்தாலதான் வந்துச்சா டாக்டர்?"

"மருந்து மேல பழி போடாதீங்க. அது எரிச்சலை அடக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. எரியுதுன்னா உள்ள ஏதோ கூப்பிடுதுன்னு அர்த்தம். நீங்க கூப்பிட்ட வாயைப் பொத்திட்டீங்க."

தொழிற்சாலையில் மெக்கானிக் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனாள். ஊசி உடைந்தால் பெயர் சொல்லிக் கத்தக் கூடாது, கத்தினால் இனி இந்தத் தளத்தில் நான் எந்த இயந்திரத்தையும் தொட மாட்டேன் என்றாள். அவர் ஒலிபெருக்கியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "என்னம்மா நீ, தலைவி ஆயிட்டியா?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு கத்தவில்லை. இப்போதெல்லாம் ஊசி உடைந்தால் பெண்கள் கையைத் தூக்குகிறார்கள். பட்டாசுதான் எல்லோரையும்விட உயரமாகத் தூக்குகிறாள். மூன்று ஊசி உடைத்த அன்று, "அக்கா, ஹாட்ரிக்" என்று அவளே கத்தினாள்.

கிருமிக்கான மருந்தை அண்ணனும் தங்கையும் முழுவதும் சாப்பிட்டு முடித்தார்கள். கிருமி போய்விட்டதா என்று பார்க்க, ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் இரண்டு வாரம் எரிச்சல் மாத்திரை எதையும் தொடக்கூடாது, தொட்டால் இருக்கிற கிருமியும் இல்லாததுபோல் பதுங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பீடிக்குப் பதில் காதில் ஒரு பென்சில் குடியேறியிருந்தது.

அந்தப் பரிசோதனைக்கு வீட்டோடு வந்திருந்தார்கள். அண்ணியும் மகளும் தங்களுக்கும் பார்த்துக்கொள்ள வந்திருந்தார்கள். நீளமான வராந்தா, சுவரோரம் நெடுக நாற்காலிகள், ஒன்றும் காலி இல்லை. செவிலி ஒருத்தி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அண்ணனுக்கு முன்னால் இருந்த பெரியவரிடம், "வீட்டுல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்துச்சா?" என்றாள். பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். "அதெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாதும்மா" என்றார் அவர்.

அடுத்து அண்ணன். தங்கை வாயைத் திறந்தாள். அவன் கையமர்த்தினான். அவன் குரல் சாதாரணமாகவே கடைவீதிக் குரல், அன்று இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

"எங்க அம்மாவுக்கு இருந்துச்சு. வயித்துல கேன்சர். அல்சர் இல்ல. கேன்சர்."

வராந்தா முழுக்கத் தலைகள் திரும்பின. ஒரு அம்மாள் மெல்ல நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அண்ணனின் முகம் சிவந்தது. எழுந்து நின்றான்.

"எதுக்கும்மா நகர்றீங்க? இது தொத்தாது. தொத்துறது இந்தப் பொய்தான். எங்க அப்பாகிட்டருந்து எனக்கு வந்துச்சு, நான் என் தங்கச்சிக்குக் கொடுத்தேன், என் பொண்ணுக்கும் கொடுக்க இருந்தேன். என்னைப் பார்க்கிறதை விட்டுட்டு, வீட்டுக்குப் போன் போட்டு உங்க அப்பா அம்மா எதுல செத்தாங்கன்னு கேளுங்க. கேட்டதை உள்ள இருக்கிற டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. சொன்னாத்தான் அவங்களால உங்களைக் காப்பாத்த முடியும்."

உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. பக்கத்திலிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நகர்ந்து போயிருந்த செவிலியைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க கொஞ்சம் வா. நான் சொன்னது தப்பு. என் தம்பிக்கு இருந்துச்சு."